எழுபத்து மூன்றாம் எண் மரம்

மேரிக்கு நான் செய்தது அநியாயம். எட்டு மாதம், வியாழக்கிழமை தவறாமல், அவள் போய் நின்று பார்த்து எழுதிக்கொண்டிருந்த ஒரு மரத்தை, நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஐந்து நிமிஷம் பேசி வெட்ட வைத்தேன். பேசியது நான், வெட்டியது இயந்திரம், இழந்தது அவள். பாருங்கள், இதுகூட மேடைப் பேச்சு மாதிரியே வந்துவிட்டது. அதனால்தான் அநியாயம் என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. பேசப் பேச என் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். என் வாய் அப்படி.

வையம்பட்டி ஸ்டாப்பில் என்னோடு நின்றாளே, நீலச் சேலை, கையில் குடை, அவள்தான் மேரி. முழுப்பெயர் சகாயமேரி. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறியதைப் பார்த்துத்தானே 'என்னம்மா ஆச்சு' என்று கேட்டீர்கள்? திருச்சி போய்ச் சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். கேட்டுவிட்டீர்கள், இனி முழுசும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நானும் அவளும் எம்.எஸ்ஸி. தாவரவியல், ஒரே வகுப்பு, ஒரே விடுதி. இரண்டாம் வருஷம் எல்லோரும் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். நான் 'வளாகத்தின் அயல்நாட்டுத் தாவரங்கள்' என்று எடுத்தேன். தலைப்பே கம்பீரமாக இருக்கிறது, இல்லையா? மேரி ஒரே ஒரு மரத்தை எடுத்தாள். ஒரு மரம், ஒரு வருஷம். எப்போது துளிர்க்கிறது, எப்போது உதிர்க்கிறது, என்னென்ன பூச்சி வருகிறது, அவ்வளவுதான். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மரம் எங்கள் வளாகத்துக்குப் பின்னால், குளத்தங்கரையில் இருந்தது. அந்தப் பக்கம் முழுக்க சீமைக் கருவேலம். உங்களுக்குத் தெரியாததா? முள்ளும் புதருமாக, ஒரு ஆள் நுழைய முடியாது. அந்தப் புதருக்கு நடுவில், முள் இருக்கிற, சின்னச் சின்ன இலை இருக்கிற இன்னொரு மரம் இருந்தால் அதை என்னவென்று சொல்வீர்கள்? நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

மேரி எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். அவள் நோட்டில் முதல் பக்கத்திலேயே 'மரத்தின் பெயர்' என்று ஒரு வரி உண்டு. எல்லோருக்கும் கொடுத்த அச்சடித்த நோட்டுதான். நாங்கள் எல்லோரும் முதல் நாளே பெயரை எழுதிவிட்டுத்தான் மரத்தையே பார்க்கப் போவோம். அவள் அந்த வரியைக் காலியாக விட்டிருந்தாள். ஒரு மாதம் காலி, இரண்டு மாதம் காலி.

"ஏண்டி, பேர் வைக்க அய்யரைக் கூப்பிடணுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பூ பாக்கல இன்னும். காயும் பாக்கல."

"இலையைப் பார்த்தா போதாதா?"

"எனக்குப் போதாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சோறு போதும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஒரே ஒரு தடவை அவளோடு போனேன். ஆகஸ்டில். நான் மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, செல்போனில் இரண்டு படம் எடுத்து, முடித்துவிட்டேன். அவள் அப்போதுதான் ஒரு கிளையைக் கீழே இழுத்து லென்ஸை எடுக்கிறாள். ஒரு இலையில் எத்தனை சிற்றிலை என்று எண்ணுகிறாள். எண்ணிவிட்டு அடுத்த கிளையில் மறுபடி எண்ணுகிறாள். பக்கத்தில் நிற்கிற சீமைக் கருவேலத்துக்குப் போய் அதிலும் எண்ணுகிறாள். அப்புறம் அடிமரத்தைக் கையால் தடவிப் பார்த்து எதையோ எழுதினாள். எனக்கு வெயில், கொசு, பசி. "ரேஷன் கார்டு கொடுக்கப் போறியா அதுக்கு, இப்படித் தலையை எண்ணுற?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளும் சிரித்தாள். நகைச்சுவை உணர்வு இல்லாதவள் இல்லை.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன்.

சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று எங்கள் வளாகத்தில் முதலில் குரல் கொடுத்தது நான்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மனு எழுதினேன், முந்நூறு கையெழுத்து வாங்கினேன், நிர்வாகத்தில் போய் உட்கார்ந்து வாதாடினேன். நம் மண்ணில் நம் மரம் இருக்க வேண்டுமா, எவனோ கொண்டுவந்து விதைத்த முள் இருக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த தங்கதுரை சார் பொக்லைனுக்கு ஏற்பாடு செய்தார். குளத்தங்கரை மரங்களுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்டில் எண் போட்டு, ஒரு பட்டியல் தயாரித்தோம். பட்டியல் எழுதியது நான். மேரியின் மரத்துக்கு எண் எழுபத்து மூன்று. எதிரே 'சீ.க.' என்று எழுதினேன். அந்தப் பக்கம் எல்லாமே 'சீ.க.'தான். எழுதி எழுதி எனக்குக் கையே வலித்தது.

பிப்ரவரி முதல் வாரம் கூட்டம். சார் பட்டியலைப் படித்து முடித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். இதெல்லாம் சும்மா கேட்பது. மேரி எழுந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவள் தானாக எழுந்து பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சார், எழுபத்து மூணு சீமைக் கருவேலம் இல்லைன்னு நினைக்கிறேன்."

நான் விடுவேனா?

"நினைக்கிறியா, தெரியுமா?" என்றேன்.

"இன்னும் பூ வரல. பங்குனி வரைக்கும் விட்டா தெரிஞ்சிரும்."

"முள் இருக்கா?"

"இருக்கு."

"இலை பொடி இலையா?"

"ஆமா. ஆனா..."

"அப்ப அது என்ன மரம்? பேர் சொல்லு, இப்பவே பட்டியல்ல இருந்து அடிச்சிடறேன்."

அவள், "ஆடு அதோட இலையைத் திங்குது" என்றாள்.

ஹால் முழுக்க சிரிப்பு. நான் கையை உயர்த்தி, சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து (அதெல்லாம் எனக்குப் பழக்கம், ஏழு கல்லூரியில் பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கியிருக்கிறேன்) சொன்னேன்: "இனிமே நம்ம துறைக்கு ஆடுதான் தலைவர். சான்றிதழ்ல ஆடே கையெழுத்துப் போடும்."

தங்கதுரை சார்கூடச் சிரித்துவிட்டார். மேரி உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா, நீங்கள் ஊர்ப்பக்கம் தானே? சொல்லுங்கள், சீமைக் கருவேலத்தின் காயை ஆடு தின்னும். இலையைத் தின்னுமா? தொடாது. அது உங்களுக்குத் தெரியும். ஆடு மேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதம் நின்று பார்த்த மேரிக்கும் தெரியும். ஹாலில் இருந்த நாற்பது தாவரவியல்காரர்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை. அவள் சொன்ன ஒரே சான்று அதுதான், அதைத்தான் நான் நகைச்சுவை ஆக்கினேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவள் அதை விளக்கியிருக்க வேண்டாமா? 'இலையைத் தின்கிறது, சீமைக் கருவேலமாக இருந்தால் தின்னாது' என்று இரண்டாவது வாக்கியத்தையும் சொல்லியிருந்தால் நான் யோசித்திருப்பேன். பாதியில் உட்கார்ந்தது யார்? சரி, விடுங்கள். இதைத்தான் சொன்னேன், பேசப் பேச என் பக்கம் நியாயம் வந்துவிடும் என்று.

வெட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மேரி என் அறைக்கு வந்தாள். அந்த நோட்டை என் கட்டிலில் வைத்தாள். "ஒரு தடவை படிச்சுப் பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றாள். நின்று வாதாடினால் நானும் வாதாடியிருப்பேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் அதைத் திறக்கவே இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். விடுதியில் சொன்னேன், சாரிடம் சொன்னேன், என் அம்மாவிடம்கூடச் சொன்னேன். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்று. உங்களை இனிமேல் நான் பார்க்கப் போவதில்லை, அதனால் சொல்கிறேன். திறந்தேன். ஆறு மணி இருக்கும், மெஸ் மணிகூட அடிக்கவில்லை. நடுவில் ஏதோ ஒரு பக்கம். அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். நாலு வரி படித்தேன்.

'முள் கணுவில் இல்லை. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில், தனித்தனியாக, குட்டையாக, அடி அகன்று. பக்கத்து மரங்களில் கணுவுக்கு இரண்டு, நீளமாக, ஜோடியாக. இருபது கிளை பார்த்தேன். எல்லாம் இப்படியே.'

அதற்குக் கீழே பென்சிலில் இரண்டு முள்ளையும் வரைந்திருந்தாள்.

நானும் தாவரவியல் படித்தவள்தான் அக்கா. நாலு வரி போதும். அது வன்னி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சிவன் கோயிலில் சுற்றி வருவோமே, அந்த வன்னி. நம் மண்ணின் மரம் என்று நான் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்த பட்டியலில் இரண்டாவது பெயர்.

நோட்டை மூடினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பேனர் அடித்தாகிவிட்டது. அறுபது பேர் காலையில் ஆறரைக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். பொக்லைன் ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும். இதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. எழுபத்து மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? சாருக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. போன் கையில்தான் இருந்தது. ஆனால் போட்டால் என்ன சொல்வது? 'சார், மேரி சொன்னது சரி.' இந்த நாலு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. ஆடு கையெழுத்துப் போடும் என்று சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மெஸ்ஸில் அப்போதும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை வெட்டினார்கள். நான் நின்று எண்களைப் படித்தேன். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று படித்து எழுபத்து மூன்றையும் படித்தேன். என் குரல் மாறவில்லை. சீமைக் கருவேலம் எல்லாம் புதராக, கொத்தாக வந்துவிடும். இது ஒற்றை அடிமரம், பட்டை வெடித்து வெடித்து, என் இடுப்பளவு பருமன். பொக்லைன் ஓட்டுகிறவர் இறங்கி வந்து, "இதுவுமாம்மா? வயசான மரமாட்டம் இருக்கு" என்று கேட்டார். "லிஸ்ட்ல இருக்குண்ணே" என்றேன்.

மேரி கரையில் நின்றிருந்தாள். மரம் சாய்ந்த பிறகு என்னிடம் வந்து, "ஒரு கிளை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். என்னிடம் அனுமதி கேட்கிறாள். "எத்தனை வேணாலும் எடுத்துக்கோ" என்றேன். தாராளமாக.

நோட்டை அன்றைக்கு மத்தியானமே அவள் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து.

அதற்கப்புறம் அவள் ஆய்வேடு என்ன ஆகும்? பாதியில் மரமே இல்லாமல் போன ஆய்வை என்ன செய்வது? இரண்டு மாதத்தில் வேறு ஏதோ ஒரு தலைப்பை அவசர அவசரமாக எழுதிக் கொடுத்தாள். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒவ்வொருவருடைய உலர்தாவரத் தாள்களையும் பார்த்துக்கொண்டு வந்தார். வரிசையில் மேரிக்கு அடுத்து நான். அவள் அந்தக் கிளையை அழுத்தி உலர்த்தி ஒட்டியிருந்தாள். இலை ஒன்றுகூட உதிரவில்லை. பெயர் வரி காலி.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வன்னியை இவ்வளவு அழகா ஒட்டியிருக்கியேம்மா, பேர் ஏன் எழுதல?"

"பூ பாக்கல சார்."

"இப்ப பூத்திருக்குமே. போய்ப் பார்க்கறதுதானே? மரம் எங்க இருக்கு?"

"இல்ல சார் இப்ப" என்றாள்.

அவ்வளவுதான். ஏன் இல்லை என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நிற்கிறேன். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஒருத்தரை வாதத்துக்கே இழுக்காமல் விட்டுவிடுவது என்ன நியாயம்?

பெயர் வரி காலியாக இருந்ததற்கு மதிப்பெண் குறைத்தார்கள். அப்புறம் துறையில் வளாக மரங்களைக் கணக்கெடுக்கிற திட்டம் வந்தது, அதில் ஓர் ஆய்வு உதவியாளர் பணி. களப்பணியில் முன்னின்றவர் என்று எனக்குக் கிடைத்தது. மேரி ஊருக்கு வந்து இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள்.

இந்த ஒன்றரை வருஷமாக நான் மரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே. முள் கணுவில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா. இலையைக் கசக்கினால் என்ன வாசனை. காய் தட்டையா, உருண்டையா. ஒரே மரத்தை மூன்று பருவத்திலும் போய்ப் பார்க்கிறேன். பெயர் வரியைக் கடைசியில்தான் நிரப்புகிறேன். வேலையில் சேர்ந்த பையன்கள், "மேடம், இந்த மரத்துக்கு இன்னும் பேர் வரலையா" என்று கிண்டல் செய்கிறார்கள். பஸ்ஸில் போனாலும் கண் நிற்க மாட்டேன் என்கிறது. அதோ, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், அது சீமைக் கருவேலம். அதற்குப் பின்னால் இருப்பதை இந்த வேகத்தில் சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்.

போன வாரம் கணக்கெடுப்பு அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். வளாகத்தில் முன்பு இருந்து, இப்போது இல்லாத மரங்கள் என்று ஒரு பகுதி. வன்னி ஒன்று. அதைப் பற்றிய குறிப்பு உலகத்திலேயே ஒரு நோட்டில்தான் இருக்கிறது. அதை வாங்கத்தான் நான் வந்தேன் என்று நினைக்காதீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நோட்டு கிடைத்தால் நல்லது என்றும் நினைத்தேன், அவ்வளவுதான். நன்றியுரையில் அவள் பெயரை முதலில் போடுவதாக இருந்தேன்.

அவள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது அவளுடைய அம்மா முறுக்கும் டீயும் கொடுத்தார்கள். "நீதான் இலக்கியாவா? ரொம்ப நல்லாப் பேசுவியாமே. எங்க புள்ள சொல்லும்" என்றார்கள். அந்த அம்மா நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னார்கள். நான் கையில் இருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

வீட்டில் வைத்துப் பேச முடியவில்லை. மேரி பஸ் ஸ்டாப் வரை வந்தாள். வருகிற வழியெல்லாம் பேசினேன். பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். மூன்று பகுதியாகப் பிரித்திருந்தேன், கூட்டத்தில் கேலி செய்தது, பட்டியல் எழுதியது, நோட்டு. நன்றாகத்தான் பேசினேன். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அறிக்கையைப் பற்றிச் சொன்னேன், நன்றியுரையைப் பற்றிச் சொன்னேன். "நோட்டு வேணும்னா தர்றேன். ஸ்கூல்ல பிள்ளைங்ககிட்ட இருக்கு, வாங்கி அனுப்பறேன்" என்றாள். உடனே. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு மறுப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை.

அப்போது சொல்லியிருக்கலாம் அக்கா. சத்தியமாகச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முன்பின் தெரியாத உங்களிடம் இப்போது சொன்னேனே, அதே நாலு வரியை. ஆனால் வாய் அதன் வழியில் போய்விட்டது. "மேரி, எல்லாத்தையும்விட என் பெரிய தப்பு என்ன தெரியுமா? நீ அவ்வளவு நம்பிக் குடுத்த நோட்டை நான் திறந்துகூடப் பாக்கல. அலட்சியம். திறந்திருந்தா அந்த மரம் இன்னைக்கு இருந்திருக்கும். அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன். சொல்லும்போது எனக்கு அழுகையும் வந்தது. பொய் அழுகை இல்லை.

இந்த பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. மேரி ரோட்டைப் பார்த்து, கையைக் காட்டி நிறுத்தினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"மரம் விழுந்ததும் எல்லாரும் போட்டோவுக்குப் போனாங்கல்ல. நீ மட்டும் ஒரு கிளையை எடுத்து, முள்ளை ஒவ்வொண்ணா விரலால தொட்டுப் பார்த்துட்டே நின்ன. கணுவுல தொட்ட, அப்புறம் நடுவுல தொட்ட. நான் கரையில இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். நோட்டைப் படிக்காதவ அந்த இடத்தைத் தேடித் தொட மாட்டா, இலக்கியா. ஏறு, பஸ் நிக்காது."